குழாயில் வருவது தண்ணீர் மட்டும்தானா?



மட்டாஞ்சேரியில் நம் வீட்டுப் பெண்களுக்கு நாள் விடியலில் தொடங்குவதில்லை. நடுச்சாமம் தாண்டி ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ குழாய் 'புஸ்' என்று காற்று விடுமே, அந்தச் சத்தத்தில் தொடங்குகிறது. குடங்கள் வரிசையில் நகர்கின்றன. முதலில் காற்று, அடுத்து கலங்கல், பிறகு தண்ணீர். அதைப் பிடித்து வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கண் மூடிவிட்டு, காலையில் மீன் கம்பெனிக்கும் கட்டட வேலைக்கும் பிறர் வீட்டு அடுக்களைக்கும் போகிறவர்கள் அவர்கள். இந்தத் தண்ணீரைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறோம். எவ்வளவு வருகிறது என்பதைப் பற்றியல்ல. அதை எத்தனையோ முறை எழுதிவிட்டோம். எதன் வழியாக வருகிறது, வரும் வழியில் எதைத் தன்னோடு கரைத்துக்கொண்டு வருகிறது என்பதைப் பற்றி.

"தண்ணீரே வராத ஊரில் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று ஆராய்ச்சியா? முதலில் குடம் நிறையட்டும்" என்று நம் நண்பர்களே சொல்கிறார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஏழைக்கு அளவு போதும், தரம் பணக்காரனுக்கு என்ற பங்கீட்டை யார் செய்தது? ரேஷன் கடையில் புழுத்த அரிசியைப் போட்டபோது "அரிசி கிடைக்கிறதே" என்று நாம் வாயை மூடிக்கொண்டா இருந்தோம்? தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஏன் இருக்க வேண்டும்? மேலும், இந்த இரண்டும் இரண்டு பிரச்சினைகளே அல்ல, ஒன்றுதான். அதைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். நம் லைன் வீடுகளுக்கு வரும் குழாய் பெரும்பாலும் பிவிசி. அது வெறும் பிளாஸ்டிக் அல்ல. பிவிசித் தூளை உருக்கிக் குழாயாக இழுக்கும்போது, அந்தச் சூட்டில் அது தானே சிதைந்து அமிலத்தை வெளிவிடத் தொடங்கும். அதைத் தடுக்க ஒரு நிலைநிறுத்திப் பொருளைச் சேர்க்க வேண்டும். கால்சியமும் துத்தநாகமும் சேர்ந்த உப்புகளைப் போடலாம். தகரச் சேர்மங்களைப் போடலாம். மலிவாக வேண்டுமென்றால் ஈய உப்புகளைப் போடலாம். இந்தியாவில் பல பத்தாண்டுகள் எதைப் போட்டார்கள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. எது மலிவோ அதை.

இங்கே ஒரு சந்தேகம் எழும். போன மாதம் கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்து கேட்டே விட்டார்: "எங்க ஊர்ல ஈயச் சொம்புலதானப்பா ரசம் வைப்போம், அதுல என்ன கெட்டுப்போச்சு?" நியாயமான கேள்வி. ஆனால் பாட்டி சொல்லும் ஈயம் வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுதான். குழாயில் போடுவது காரீயம். பழைய பாட்டரியில் இருப்பது, வலைக்குக் கட்டும் குண்டில் இருப்பது. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே பெயர் வந்துவிட்டது. உடம்பு இரண்டையும் ஒன்றாக ஏற்காது. (வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம் கலந்து விற்கும் புண்ணியவான்களும் கடைத்தெருவில் உண்டு. அது வேறொரு கட்டுரைக்கு.)

காரீயம் குழாயின் சுவருக்குள் இருக்கிறது. தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டே இருந்தால் அது எடுத்துச் செல்வது சொற்பம். தண்ணீர் குழாயில் தேங்கி நின்றால், உள்பக்கப் பரப்பில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக அதில் இறங்குகிறது. புதுக் குழாயில் அதிகமாக இறங்கும். நாளாக ஆகக் குறையும். தண்ணீரில் புளிப்புத் தன்மை இருந்தால் கூடும். வெயில் பட்டுக் குழாய் சூடேறினாலும், பட்டுப் பட்டுச் சுவர் பொரிந்து போனாலும் கூடும்.

இப்போது நம் தெருவை நினைத்துப் பாருங்கள். நாள் முழுவதும் ஓடும் தண்ணீரா நம்முடையது? இரண்டு நாளைக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம். மீதி நேரமெல்லாம் மிச்சத் தண்ணீர் குழாயில்தான் கிடக்கிறது. நம் குழாய் பூமிக்குள் ஆழமாகப் போகிறதா? சாக்கடை ஓரமாகவும் சுவர் மேலாகவும், ஓட்டின் மேல் வெயிலிலும் போகிறது. அளவு குறைவாக வருகிறது என்ற குறையும், வருவதில் நஞ்சு இறங்குகிறது என்ற குறையும் ஒரே குழாயின் இரண்டு முனைகள். இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் ஓடும் பங்களாவில் இதே குழாய் இருந்தாலும் அங்கே ஆபத்து குறைவு. நம் சந்தில்தான் அது கூடுதல். "முதலில் குடம் நிறையட்டும்" என்ற நண்பர்களுக்கு இதுதான் நம் பதில்.

இது நம் கற்பனை அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1960களின் இறுதியிலிருந்து 1980 வரை ஒரு புது வகைக் குழாய் பதித்தார்கள். சிமெண்டுக் குழாய்; உள்ளே வினைல் பூச்சு. பூச்சைக் கரைத்துப் பூசப் பயன்பட்ட கரைப்பான், சலவைக் கடைகளில் உலர் சலவைக்குப் பயன்படும் டெட்ராகுளோரோஎத்திலீன். பூசிய பிறகு அது ஆவியாகிப் போய்விடும் என்று நம்பினார்கள். போகவில்லை. ஆண்டுக்கணக்கில் குடிநீரில் இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கே அதிகம் இறங்கியது தெரியுமா? தண்ணீர் ஓட்டம் குறைந்த இடத்தில், குழாய் முட்டி நிற்கும் தெருக் கோடியில். கண்டுபிடித்த பிறகு அந்த அரசு செய்த முதல் காரியம், கோடியில் வால்வைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே இருந்தது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் அந்தத் தண்ணீரைக் குடித்த குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். மட்டாஞ்சேரியில் முட்டுச் சந்தின் கோடியில் குடியிருப்பவர் யார் என்று வாசகர்களே சொல்லட்டும்.

இன்னொன்றும் சொல்கிறோம். 2018 நவம்பரில் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊரைக் காட்டுத்தீ அழித்தது. தீ அணைந்த பிறகு பார்த்தால் குடிநீரில் பென்சீன். தீயில் கருகிய பிளாஸ்டிக் குழாய்களும், புகையை உள்ளிழுத்துக்கொண்ட குழாய்களும் அதற்குக் காரணமாக இருந்தன. குழாய் உயிரில்லாத பொருள்தான். ஆனால் தன்னைச் சுற்றி நடப்பதை அது உறிஞ்சும், பிறகு கக்கும். நம் சந்துகளில் குப்பையை எங்கே வைத்துக் கொளுத்துகிறார்கள்?

ஐரோப்பாவில் 2015 இறுதிக்குள் புதுக் குழாய்களில் ஈய உப்பைப் போடுவதை உற்பத்தியாளர்களே நிறுத்திக்கொண்டார்கள். இங்கே? பெட்ரோலில் ஈயம் 2000-ல் நின்றது. வீட்டுப் பெயிண்டுக்கு 2016-ல் விதி வந்தது. குடிக்கும் தண்ணீர் வரும் குழாய்க்கு? வழக்குப் போட வேண்டியிருந்தது. 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2019-ல் வரைவு. 2021-ல்தான் பிவிசி குழாயிலிருந்து ஈயத்தை நீக்கும் விதிகள் வெளிவந்தன. காருக்கும் சுவருக்கும் கிடைத்த கவனிப்பு குழந்தையின் வயிற்றுக்குக் கடைசியாகத்தான் கிடைத்தது. அதுவும் புதிதாகச் செய்யும் குழாய்க்கு! மண்ணுக்குள் கிடக்கும் பழைய குழாயை எந்த விதியும் தோண்டி எடுக்கவில்லை.

ஈயம் என்ன செய்யும்? உலக சுகாதார நிறுவனம் சொல்வது: இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே ஈயத்துக்குக் கிடையாது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர் உடம்பு ஏற்பதைப்போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடம்பு ஏற்றுக்கொள்ளும். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தை இன்னும் கூடுதலாக ஏற்கும். நம் குழந்தைகளில் சோகை இல்லாதது எத்தனை? ஈயம் எலும்பில் போய்ப் படியும். கர்ப்பிணித் தாயின் எலும்பில் படிந்தது வயிற்றுப் பிள்ளைக்கு இறங்கும். காய்ச்சல் வராது, வாந்தி பேதி வராது. பிள்ளை படிப்பில் பின்தங்கும், ஓரிடத்தில் உட்காராது, பள்ளியில் "அண்ணாச்சி பிள்ளைக்கு மண்டையில் ஏறாது" என்பார்கள். 'பாண்டி' என்று நம்மைக் கேலி செய்கிறவர்கள் அதைப் பிறவிக் குணம் என்றே சொல்லிவிட்டுப் போவார்கள். யூனிசெப் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் 27 கோடிக்கு மேற்பட்டவர்கள் இந்தியக் குழந்தைகள். பாட்டரி உருக்கும் பட்டறையும் மசாலாப் பொடியும் பாத்திரமும் பெயிண்டும் இதற்குக் காரணம். எல்லாப் பழியையும் குழாயின் தலையில் சுமத்த நாம் தயாரில்லை. ஆனால் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கலாம், தண்ணீரிலிருந்து விலகி நிற்க முடியுமா?

"கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று புத்திமதி சொல்வார்கள். கிருமிக்கு அது மருந்து. ஈயத்துக்கு? கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகிக் குறையும். ஈயம் அப்படியே பாத்திரத்தில் நிற்கும். எரிவாயு செலவு செய்து நஞ்சைக் கெட்டியாக்குவதுதான் மிச்சம். குளோரின் போட்டாலும் போகாது.

"கேன் தண்ணீர் வாங்குங்கள்" என்பார்கள். வாங்குகிறோம், வேறு வழியில்லாத நாட்களில். குடம் தண்ணீருக்குக் கூலியில் ஒரு பங்கை எடுத்து வைக்கும் குடும்பம் பிள்ளையின் பாலில் அதைக் கழித்துக்கொள்கிறது. அந்தக் கேனும் பிளாஸ்டிக்தான். அதுவும் கடை வாசலில் பகல் முழுக்க வெயிலில்தான் நிற்கிறது.

குழாயைவிட மோசமான ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. அது ஓஸ். தெருக் குழாயிலிருந்து டிரம்முக்கும், டேங்கர் லாரியிலிருந்து வீட்டுக்கும் தண்ணீர் இழுக்க நாம் எல்லோரும் வைத்திருக்கும் பச்சை ஓஸ், நீல ஓஸ். விறைப்பான பிவிசி குழாயை வளைக்க முடியாது. அதே பிவிசி ஓஸாகி எப்படிச் சுருண்டு படுக்கிறது? எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியை அதில் ஊற்றுகிறார்கள். தாலேட் என்ற வகை. ஓஸின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட அதுவாக இருக்கலாம். அது பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் பிணைந்தது அல்ல. நடுவில் சும்மா இருக்கிறது. வெயிலில் கிடந்த ஓஸில் முதல் தண்ணீரை வாயில் வைத்தால் ஒரு வாடை அடிக்கிறதே, அந்த வாடையே எச்சரிக்கை. சில தாலேட்டுகள் உடலின் சுரப்பிகளைக் குழப்பும் என்பதால் குழந்தைகளின் பொம்மையிலேயே பல நாடுகள் அவற்றைத் தடுத்திருக்கின்றன. நாமோ பொம்மையை அல்ல, தண்ணீரையே அதில் பிடிக்கிறோம். தோட்டத்துக்கு விற்கிற ஓஸ் அது. குடிக்க அல்ல. ரசாயனம் வந்த நீல டிரம்மைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதும் அப்படியே.

2023 தொடக்கத்தில் பாழூர் பம்ப் ஹவுஸில் மோட்டார்கள் பழுதாகி மேற்குக் கொச்சி முழுவதும் தவித்தது யாருக்கு மறந்திருக்கும்? வாரக்கணக்கில் டேங்கர்தான் கதி. லாரி வந்ததும் பத்து ஓஸ்கள் பாய்ந்தன. அந்தக் காட்சியைப் பார்த்தபோது நமக்கு இந்த ஊரின் பழைய கதை நினைவுக்கு வந்தது. கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்தில் வீசுவான். எந்தத் தொழிலாளி அடிதடியில் அதைப் பொறுக்குகிறானோ அவனுக்கு அன்றைக்குத் துறைமுகத்தில் வேலை. அதுதான் சாப்பா. அதை எதிர்த்து 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரித் தொழிலாளர்கள் போராடித் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். வேலைக்குச் சாப்பா ஒழிந்தது. தண்ணீருக்கு இன்னும் ஒழியவில்லை.

ஒரு விந்தையையும் சொல்லிவிடுகிறோம். குழாய் வருவதற்கு முன் ஆலுவாயிலிருந்து வள்ளத்தில் தண்ணீர் கொண்டுவந்து விற்ற ஊர் இது. பிறகு பெரியாற்று நீர் குழாயில் வந்தது. இன்று பாழூரில் எடுப்பது மூவாற்றுப்புழை நீர். அதிலும் இடுக்கி அணையில் மின்சாரம் எடுத்துவிட்டு மூலமற்றத்தில் விடும் பெரியாற்றுத் தண்ணீர் சேருகிறது. அணையின் பெயரால் இரு மாநிலத் தலைவர்களும் மேடையில் முழங்கட்டும். தேனியிலும் திண்டுக்கல்லிலும் தண்ணீர் இல்லாமல் புறப்பட்டு வந்தவன் இங்கே வந்து குடிப்பதும் அதே மலைத் தண்ணீர்தான். அதில் யார் எதைக் கலக்கிறார்கள் என்று கேட்க எந்த மேடையும் இல்லை.

இனி நம் சொந்த அனுபவம் ஒன்று. நம் உறுப்பினர்கள் பலர் குடியிருக்கும் ஒரு லைனில் வீட்டுக்காரர் பழைய இரும்புக் குழாயைக் கழற்றிவிட்டுப் புதுப் பிளாஸ்டிக் குழாய் போட்டார். நல்ல காரியம் என்று நாமே பாராட்டினோம். இரும்பு துருப்பிடித்துச் செந்தண்ணீர் வந்துகொண்டிருந்தது. போட்ட அன்றே தண்ணீர் திறந்தாயிற்று. பசை காயக்கூட விடவில்லை. பத்து நாள் சோற்றில் சொல்யூஷன் வாடை. மூட்டுக்கு மூட்டு ஒட்டும் அந்தப் பசையே கரைப்பான்களால் ஆனது; காய்ந்த பிறகு நன்றாக அலசிவிட்டுத்தான் குடிக்கத் திறக்க வேண்டும். குழாயைத் திருப்பிப் பார்த்தோம். ஐஎஸ்ஐ முத்திரை இல்லை, எண் இல்லை, கம்பெனிப் பெயர்கூட இல்லை. சில துண்டுகள் மின்கம்பி இழுக்கும் குழாய்! புகார் எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "கன்ஸ்யூமர் நம்பர் யார் பெயரில்?" என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் பெயரில். "அப்படியானால் அவர் வந்து புகார் கொடுக்கட்டும்." குழாய் போட்டவரே வந்து குழாயைப் பற்றிப் புகார் கொடுக்க வேண்டுமாம்! பதினெட்டு ஆண்டு அந்தத் தண்ணீரைக் குடித்து, வாடகையோடு தண்ணீர்ப் பணமும் கட்டிவரும் குடும்பத்துக்கு அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச உரிமையில்லை.

வீட்டுக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. அந்தக் குழாயை வாங்கி வந்து பொருத்தியவர் யார்? நம்மவர். இந்த ஊரில் பள்ளம் தோண்டுகிறவரும் குழாய் இறக்குகிறவரும் பாதிப்பேர் நம்மவர். கடைக்காரர் கொடுக்கும் கமிஷனுக்காக முத்திரையில்லாத சரக்கை எடுத்துக் கட்டுவதும் நடக்கிறது. சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. சுளிக்கட்டும். தன் பிள்ளை குடிக்கும் தண்ணீரில் கமிஷன் வாங்கக்கூடாது என்று சொல்வதற்கும் சங்கம் வேண்டும்தான்.

பிளம்பர் வேலை செய்யும் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். குடிநீர் பிவிசி குழாயின் மேல் ஐஎஸ்ஐ முத்திரையோடு 4985 என்ற எண் இருக்க வேண்டும். 13592 என்பது சாக்கடை, கழிவுநீர்க் குழாய். அதைக் குடிநீருக்குக் கட்டக்கூடாது. பாலிஎத்திலீன் குடிநீர்க் குழாய் என்றால் 4984. முத்திரை இருப்பதாலேயே பழைய இருப்பிலுள்ள குழாயில் ஈயம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஈயமில்லை என்று குழாயிலேயே அச்சிட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒழுங்காகச் செய்த பிளாஸ்டிக் குழாய்மேல் நமக்குப் பகையில்லை. துருப்பிடித்த இரும்பை நாம் திரும்பக் கேட்கவும் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. இரவெல்லாம் குழாயில் கிடந்த முதல் தண்ணீரைத் துணிக்கும் பாத்திரத்துக்கும் வைத்துக்கொண்டு, பின்னால் வருவதைக் குடிக்கவும் சமைக்கவும் பிடிப்பது. ஓஸில் பிடிப்பதைக் குளிக்க வைத்துக்கொண்டு, குடிநீரை நேராகக் குடத்தில் பிடிப்பது. ஆனால் இதை எழுதும்போதே கை கூசுகிறது. வரிசையில் இருபது குடம் நிற்கும்போது, முதல் குடத்தைக் கொட்டு என்று முன்னால் நிற்பவளிடம் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆகவே இது பரிகாரம் அல்ல, அதுவரைக்கான சமாளிப்பு.

நாம் கேட்பது இதுதான். சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்ற காகிதம் நமக்கு வேண்டாம். நிலையத்திலிருந்து நம் வாய் வரை எத்தனையோ கிலோமீட்டர் குழாய் கிடக்கிறது. நம் குழாய் முனையில், தேங்கிய முதல் தண்ணீரை எடுத்து அளக்க வேண்டும். இந்தியத் தரப்படி குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதாவது ஒரு கிராமின் லட்சத்தில் ஒரு பங்கு. வாட்டர் அத்தாரிட்டிக்கு ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. சந்து சந்தாக அளந்து, மலையாளத்திலும் தமிழிலும் சுவரில் எழுதி ஒட்டட்டும். வாடகைக் குடும்பத்தின் புகாரை, கன்ஸ்யூமர் நம்பர் யார் பெயரில் இருந்தாலும் வாங்கட்டும். முத்திரையில்லாத குழாயை மாற்றும் செலவு வீட்டுக்காரருடையது. அதை வாடகையில் ஏற்றக்கூடாது. தெருக் கோடியில் குழாயை அலச வால்வு வைக்கட்டும். டேங்கர் வந்தால் குடிநீருக்கான ஓஸை லாரியே கொண்டுவரட்டும்.

மலையாளத் தொழிலாளிக் குடும்பங்களும் இதே சந்தில் இதே தண்ணீரைத்தான் குடிக்கின்றன. அவர்களிடமும் பேசியிருக்கிறோம். முதலில் சிரித்தார்கள். ஓஸ் வாடையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. மனுவில் அவர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு லைனிலிருந்தும் ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டுவாருங்கள். புதிய, சுத்தமான பாட்டிலில், குழாய் திறந்ததும் வரும் முதல் தண்ணீராக இருக்க வேண்டும்; அதற்கு முன் ஆறு மணி நேரமாவது குழாய் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். ஓஸ் வைத்துப் பிடிக்கக்கூடாது. பாட்டிலின் மேல் சந்தின் பெயர், பிடித்த நேரம், குழாய் போட்ட ஆண்டு தெரிந்தால் அதையும் எழுதுங்கள். வீட்டுக்காரர் பெயர் வேண்டாம். சங்கச் செலவில் பரிசோதனைக்குக் கொடுத்து, வரும் எண்களை எந்த மாற்றமும் இல்லாமல் அடுத்த இதழில் அச்சிடுவோம்.